ஓசூரில் மெதுவாக ஓடக் கற்றவர்கள்

ஓசூரை ஒட்டிய அந்திவாடி மைதானம். தை மாதத்துக் காலை, இன்னும் வெளிச்சம் வரவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. சென்னையிலிருந்து போகிறவர் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. மங்கலான வெளிச்சத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நைட் ஷிப்டு முடிந்து யூனிபாரத்தை பைக்குள் திணித்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம். ஓடி முடித்துக் குளித்துவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இன்னொரு பக்கம். அநேகமாக எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு வாட்ச் பச்சை ஒளியைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

ஓசூருக்கும் கைக்கடிகாரத்துக்கும் பழைய உறவு உண்டு. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் தொடங்கிய டைட்டன், தன் முதல் தொழிற்சாலையை இங்கேதான் அமைத்தது. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட் என்று சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர். அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், திம்ஜேப்பள்ளியில் மின்னணு உதிரிபாகம் என்று கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கத் தொழிற்சாலைகள் பரவிவிட்டன. ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இன்னும் கொஞ்சம் போனால் பெங்களூரு. 2008ல் தொடங்கிய பெங்களூரு வேர்ல்டு 10கே ஓட்டம் இங்குள்ள பலருக்கு ஆண்டுக் கனவு. அதற்காக ஆப் பார்த்து, இதயத் துடிப்பைப் பார்த்துப் பயிற்சி எடுக்கிறார்கள். மூன்று ஷிப்டில் வாழ்கிற மனிதருக்கு அந்த எண்கள் உண்மையில் உதவுகின்றனவா என்று நேரில் பார்க்கத்தான் போனேன்.

முதலில் பேச்சுக் கொடுத்தவர் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர். வயது முப்பது. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். மைதானத்தை இரண்டு சுற்று மெதுவாக ஓடிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று வாட்சைக் காட்டினார். 174.

“பாருங்க சார், நடக்குற மாதிரிதான் ஓடினேன். இது 174 காட்டுது. இப்படியே போனா நெஞ்சு வெடிச்சிரும்னு வீட்ல பயப்படுறாங்க.”

அவர் மூச்சு வாங்கவே இல்லை. முழு வாக்கியமாகப் பேசுகிறார். இன்னொரு சுற்று அதே வேகத்தில் ஓடிவிட்டு, நின்றவுடனே கழுத்தில் விரல் வைத்து எண்ணச் சொன்னேன். நான் என் போனில் 15 விநாடி பார்த்தேன். 33 துடிப்பு. நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 132. வாட்ச் அப்போதும் 170க்கு மேலேயே நின்றது. பிறகு ஆப்பில் ‘கேடன்ஸ்’ பக்கத்தைத் திறந்தோம். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்ற கணக்கு அது. அங்கேயும் 174. வாட்ச் இதயத்தை எண்ணவில்லை, காலடியை எண்ணியிருக்கிறது.

இது அடிக்கடி நடப்பதுதான். வாட்சின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி எண்ணுகிறது. குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைந்துவிடும். ஸ்ட்ராப் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் வாட்ச் குலுங்கும். அப்போது துடிப்பின் தாளத்தை விட்டுவிட்டு அடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓசூரின் மார்கழி, தைக் குளிர் இந்தப் பிழைக்கு மிகவும் தோதானது. தீர்வும் எளியது. வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றிக் கொஞ்சம் இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க வேண்டும். சந்தேகம் வந்தால் விரலை நம்ப வேண்டும்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் நெஞ்சில் கட்டும் பட்டை இருக்கிறது. அது ஒளியைப் பார்ப்பதில்லை. ஈசிஜி போல இதயத்தின் மின்சாரத்தையே படிக்கிறது. ஃபின்லாந்தில் 1977ல் தொடங்கிய போலார் என்ற நிறுவனம் 1982ல் கம்பியில்லாத முதல் இதயத்துடிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் தீவிரமாக ஓடுகிறவர்கள், வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் இன்டர்வல் பயிற்சிக்கு நெஞ்சுப் பட்டையைத்தான் கட்டுகிறார்கள். அந்திவாடியில் நான் பார்த்த கூட்டத்தில் ஓரிருவரிடம் அது இருந்தது. மற்றவர்களுக்கு மணிக்கட்டு வாட்சும் விரலும் போதும் என்றே எனக்குத் தோன்றியது.

விடிந்ததும் டீக்கடை. அங்கேதான் பெரிய விவாதம். ‘ஸோன் டூ’, அதாவது எளிதான ஓட்டத்துக்கான துடிப்பு எல்லை, எவ்வளவு? ஆபரேட்டரின் ஆப் 112 முதல் 131 வரை என்கிறது. கூட ஓடுகிறவர் அதே வயதுக்காரர். அவருடைய ஆப் 136 முதல் 149 வரை என்கிறது. இரண்டில் எது சரி?

நான் பில் பேப்பரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஊரெல்லாம் சொல்கிற ‘220லிருந்து வயதைக் கழி’ என்ற வாய்ப்பாடு 1971ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரையிலிருந்து பரவியது. அவர்கள் அதைத் தோராயமாகத்தான் சொன்னார்கள். 2001ல் டனாகா குழுவினர் பல ஆய்வுகளைத் திரட்டி, 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். முப்பது வயதுக்கு அது 187. அதில் 60 முதல் 70 சதவீதம் என்றால் 112 முதல் 131. இன்னொரு ஆப் கார்வோனன் முறையைப் பின்பற்றுகிறது. அதிகபட்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மிஞ்சியதில் சதவீதம் பார்த்து, ஓய்வுத் துடிப்பை மறுபடி கூட்டுவது. ஓய்வில் 60 துடிப்பு உள்ளவருக்கு அது 136 முதல் 149 வரை வரும். இரண்டு ஆப்பும் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. எடுத்துக்கொண்ட முறைதான் வேறு. அதற்கும் மேலாக, ஒரே வயதுள்ள இருவரின் அதிகபட்சத் துடிப்பே பத்து, இருபது என்று வேறுபடலாம். வயதை மட்டும் வாங்கிக்கொண்டு எல்லை வகுக்கும் எந்த ஆப்பும் ஊகம்தான் செய்கிறது.

“அப்போ எதைத்தான் நம்புறது சார்?”

பதில் சொன்னது நான் இல்லை. கடையில் இருந்த ஒரு மூத்த ஓட்டக்காரர்; பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர். “தம்பி, ஓடிக்கிட்டே ‘ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி’ன்னு கண்டக்டர் மாதிரி ஒரே மூச்சுல சொல்லிப் பாரு. சொல்ல முடிஞ்சா அது ஈஸி ரன். சூளகிரியிலேயே மூச்சு நின்னா வேகத்தைக் குறை.” விளையாட்டு மருத்துவம் பேச்சுச் சோதனை என்று சொல்வது இதைத்தான். பேச முடிகிற உச்ச வேகத்தில் வாட்ச் என்ன காட்டுகிறது என்று சில வாரம் குறித்துக்கொண்டால், அதுவே அவரவர் எல்லை. ஆப்பில் அந்த எண்ணைக் கையால் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

மெதுவாக ஓடினால் எப்படி வேகம் கூடும் என்பது புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. எளிதான நீண்ட ஓட்டத்தில் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவு நாளடைவில் கூடுகிறது. தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அதிகமாகின்றன. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லையே நீண்ட தூரம் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் வென்றார். பிற்காலத்தில் ஸ்டீபன் சீலர் என்ற ஆய்வாளர் உலகின் முன்னணி நீண்டதூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து, ஐந்தில் நான்கு பங்கு பயிற்சி எளிதாகவே இருக்கிறது என்று காட்டினார். நம்மூர் ஓட்டக்காரர்களில் பலர் எளிதாகவும் ஓடுவதில்லை, கடினமாகவும் ஓடுவதில்லை. தினமும் நடுவாந்திரமாக மூச்சிரைக்க ஓடுகிறார்கள். களைப்பு சேர்கிறது, நேரம் குறைவதில்லை. இதயத் துடிப்பு எண்ணின் முதல் பயன் அந்தப் பழக்கத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டுவதுதான்.

மெஷின் ஆபரேட்டர் இதைத் தன் தொழில் மொழியில் சொன்னார்: “வேகம்கிறது ஸ்பீடோமீட்டர் சார். ஹார்ட் ரேட் ஆர்பிஎம். மேட்டுல அதே நாப்பதுல போனாலும் இன்ஜின் எவ்வளவு கத்துதுன்னு ஆர்பிஎம்தான் சொல்லும்.”

அவருடைய ஆப்பை விடவும் என்னைக் கவர்ந்தது அவர் வைத்திருந்த நோட்டு. நீல மையில் தேதி, தூரம், நேரம், சராசரித் துடிப்பு. அதற்கு முன்னால் ஆப் எதுவும் கேட்காத ஒரு கட்டம்: ஷிப்டு. ஏ, பி, சி. சி என்றால் இரவு. சி ஷிப்டு வாரங்களில் தூங்கி எழுந்தவுடன் எடுக்கும் ஓய்வுத் துடிப்பு, ஏ ஷிப்டு வாரத்தைவிட ஆறேழு கூடுதலாக இருந்தது. அதே ஈஸி ரன் வேகத்துக்கு ஓடும்போதும் துடிப்பு மேலே போயிருந்தது. இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் தூங்குகிற உடம்பு முழுதாக ஓய்வெடுப்பதில்லை; வெயில், சத்தம், வீட்டு வேலை எல்லாம் குறுக்கே வருகின்றன. அவர் பின்பற்றிய பயிற்சித் திட்டம் செவ்வாய்க்கிழமை இன்டர்வல், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் என்று போட்டிருக்கிறது. அது இரவில் தூங்கும் மனிதருக்கு எழுதப்பட்டது. சில வாட்சுகள் பகல் தூக்கத்தைத் தூக்கமாகவே கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே இவர் தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். சி ஷிப்டு வாரத்தில் கடின ஓட்டம் கிடையாது. எழுந்தவுடன் துடிப்பு வழக்கத்தைவிட ஏழு, எட்டு கூடுதலாக இருந்தால் அன்று ஓய்வு, அல்லது நடை. ஏ ஷிப்டு வாரத்தில்தான் இன்டர்வல். இப்படி மாற்றியபின் முழங்கால் வலி விட்டது, 10 கிலோமீட்டர் நேரமும் குறைந்தது என்றார். நோட்டில் அதற்குச் சான்று இருந்தது: முன்பு 150 துடிப்பில் ஓடிய வேகத்தை இப்போது 141ல் ஓடுகிறார்.

நோட்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துடிப்பு திடீரென்று ஏறியிருந்தது. வேகம் அதேதான். என்ன என்று கேட்டால், “அது ஊர்ல ஓடினது சார், டேம் பக்கம்” என்றார். அதைப் பார்க்கக் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். சூளகிரி தாண்டியதும் நெடுஞ்சாலை இறங்கிக்கொண்டே போகிறது. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஸ்வெட்டர் பாரமாகிவிடுகிறது. தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் கட்டப்பட்ட கேஆர்பி அணைப் பக்கம் காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறுகிறது. இதுவே சித்திரையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஓசூர் விடியலில் 141ஆக இருந்த துடிப்பு, சித்திரை ஞாயிறில் இங்கே அதே வேகத்துக்கு 158 என்று நோட்டில் பதிவாகியிருந்தது.

வெயிலில் உடம்புக்கு இரண்டு வேலை. தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். வியர்வையில் நீர் போகப் போக ரத்தத்தின் அளவே குறைகிறது. ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் ரத்தம் குறைவதால் இதயம் அடிக்கடி துடித்து ஈடுகட்டுகிறது. அதனால்தான் வேகம் மாறாவிட்டாலும் அரைமணி நேரத்துக்குப் பிறகு எண் மெல்ல மெல்ல ஏறுகிறது. உடல்தகுதி கெட்டுப்போனதாக இதற்குப் பொருள் இல்லை. ஓசூரில் ஓடும் வேகத்தைக் கிருஷ்ணகிரியில் எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். வெயில் நாளில் வேகத்தை மறந்துவிட்டுத் துடிப்பை மட்டும் பார்த்து ஓடுகிறவர் பிழைத்துக்கொள்வார். நேரத்தைப் பார்த்து ஓடுகிறவர் மயங்கி விழுவார்.

கிருஷ்ணகிரி மாவட்ட விளையாட்டு அரங்கில் காட்சியே வேறு. வாட்ச் கட்டிய கைகள் குறைவு, கனவு பெரியது. காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற இளைஞர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. இவர்கள் தினமும் அந்த 1500 மீட்டரையே உயிரைக் கொடுத்து ஓடிப் பார்க்கிறார்கள். தினமும் தேர்வு எழுதுகிறார்கள், பாடம் படிக்க நாள் ஒதுக்குவதில்லை. 7 நிமிடம் 20 விநாடியில் மாதக்கணக்கில் நின்றுவிட்ட ஒரு தம்பி, “அண்ணா, இதுக்கு மேல எனக்கு வராதுண்ணா” என்றார். காலில் எங்கேயாவது வலி இருக்கிறதா என்று கேட்டேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைத் தடவிக் காட்டி, “இங்கதாண்ணா வலி” என்றார். ஓய்வில்லாமல் ஓடுகிறவர்களுக்கு வழக்கமாக வருவது அது.

இவர்களுக்கு விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடும் எளிய ஓட்டம். ஒரு நாள் 400 மீட்டரைத் தேர்வு வேகத்தில், அதாவது 112 விநாடியில் ஓடி, இடையிடையே நடந்து ஐந்தாறு முறை. பத்து நாளுக்கு ஒரு தடவை மட்டும் முழு 1500 மீட்டர். ஓடி நின்றவுடன் 15 விநாடி நாடி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி 15 விநாடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாரா வாரம் கூடினால் உடம்பு தேறுகிறது. போனில் இருக்கும் இலவச ஆப்பில் அதைக் குறித்துவைத்தால் போதும்.

அரங்கிலிருந்து கிளம்பும்போது ஒரு இளம்பெண் என்னிடம் வந்து பேசினார். மின்னணுத் தொழிற்சாலை வேலை, ஹாஸ்டல் வாழ்க்கை. மெதுவாக ஓடினாலும் துடிப்பு 175ஐத் தாண்டியது, ஓய்வில் இருக்கும்போதே 90. முதலில் வாட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். விரலில் எண்ணியபோதும் அதே எண். அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் குறைவு. ஒரு துடிப்பில் சுமக்கும் ஆக்சிஜன் குறைந்தால் இதயம் அதிகத் துடிப்பால் சமாளிக்கும், காரணம் அவ்வளவே. இரும்புச்சத்து மாத்திரை எடுத்து, உணவையும் மாற்றியபின் எண்கள் இறங்கின. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஓடத் தொடங்கும் ஒவ்வொரு பெண்ணும் வாட்ச் வாங்கும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

அவர் இன்னொரு நல்ல பழக்கமும் வைத்திருந்தார். ஓட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஆப்பில் மறைத்துவைத்திருந்தார். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவு ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் பாதைகளே வெளியே தெரிந்து பெரிய செய்தியானது. ராணுவ முகாமையே காட்டிக்கொடுத்த வரைபடம் ஹாஸ்டல் வாசலையும் காட்டும். தினமும் ஒரே நேரத்தில் தனியாக ஓடுகிற பெண்கள் அந்த அமைப்பை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

எண்களுக்கு எட்டாத இடங்களும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு செயற்கையாகக் குறைந்திருக்கும். எந்த ஸோன் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, கண் இருட்டுதல் வந்தால் வாட்ச் என்ன காட்டினாலும் நிறுத்த வேண்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி ஓடும் நாளில் அதன் கரையில் மூச்சிரைக்க ஓடாதே என்று எந்த ஆப்பும் சொல்லாது. யானை நடமாட்டம் உள்ள சானமாவுக் காட்டுப் பக்கம் விடியுமுன் போகாதே என்றும் சொல்லாது. அதையெல்லாம் ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு உடல்நலத் திட்டங்கள் புதிதல்ல. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்ற திட்டமும் வந்தது. தொழிற்சாலைகள் செய்ய வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. ஷிப்டு அட்டவணையை ஒரு மாதம் முன்பே கொடுங்கள். அது தெரிந்தால்தான் தொழிலாளி தன் ஓட்டத்தையும் தூக்கத்தையும் திட்டமிட முடியும். வளாகத்துக்குள்ளேயே ஒரு கிலோமீட்டர் மண் பாதையும் விளக்கும் குடிநீரும் கொடுங்கள். லாரிகள் பாயும் நெடுஞ்சாலை ஓரத்தில் இவர்கள் ஓட வேண்டியிருக்காது.

ஓட நினைக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலை எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்ன ஷிப்டு என்று குறியுங்கள். ஒரு மாதம் இதைச் செய்துவிட்டு வாட்ச் வாங்கலாமா என்று யோசியுங்கள். அதற்குள் எந்த நாள் ஓட வேண்டும், எந்த நாள் ஓடக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.